தம்பிக்கு மூளையில் டிபி என்கிறார்கள், கிருமி கிடைக்காமலே மருந்து தொடங்கலாமா?

கேள்வியில் உள்ள விவரம் இதுதான். 24 வயதுத் தம்பிக்கு மூன்று வாரமாக விட்டுவிட்டுக் காய்ச்சல், கூடவே தலைவலி. முதலில் சாதாரணக் காய்ச்சல் என்றார்கள், பிறகு டைபாய்டு என்றார்கள். நான்கு நாளுக்கு முன் வாந்தி அதிகமாகி, பேச்சில் குழப்பம் வந்து, எதைப் பார்த்தாலும் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று அவர் சொன்ன பிறகு பெரிய மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார்கள். முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள், எம்ஆர்ஐ எடுத்தார்கள், மூளை உறையில் டிபி என்று சொல்லி அன்றைக்கே மருந்தைத் தொடங்கிவிட்டார்கள். ஆனால் பரிசோதனை முடிவில் கிருமி காணப்படவில்லை என்று வந்திருக்கிறது. ஆதாரம் இல்லாமல் ஒரு வருட மருந்தா, நுரையீரல் நோய் மூளைக்கு எப்படிப் போனது, ஸ்டீராய்டு எதற்கு, வீட்டில் மற்றவர்களுக்கு ஒட்டுமா, தம்பி பழையபடி ஆவாரா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நரம்பியல் வார்டில் பல வருடங்களாக இந்த நோயாளிகளைப் பார்த்து வருகிறேன். உங்கள் தம்பியை நான் நேரில் பார்க்கவில்லை, அதனால் அவருக்கு என்ன மாத்திரை, என்ன அளவு என்று இங்கே சொல்ல மாட்டேன். ஆனால் நீங்கள் எழுதியதை வைத்து ஒன்றை உறுதியாகச் சொல்வேன். கிருமி கிடைக்கும்வரை காத்திருக்காமல் அன்றைக்கே மருந்தைத் தொடங்கினார்களே, அதுதான் அவருக்கு நடந்த மிக நல்ல காரியம். ஏன் என்று புரிய வேண்டுமானால், இந்த நோய் மூளைக்குள் என்ன செய்கிறது என்பதிலிருந்து வர வேண்டும்.

காசநோய்க் கிருமி காற்று வழியாக வந்து நுரையீரலில்தான் முதலில் இறங்குகிறது. பெரும்பாலானவர்களுக்கு உடலின் எதிர்ப்புச் சக்தி அதைச் சுற்றி வேலி கட்டி அடக்கிவிடும். அந்த வேலி கட்டி முடிய சில வாரங்கள் ஆகும். அந்த இடைவெளியில் கொஞ்சம் கிருமிகள் ரத்தத்தில் கலந்து உடலெங்கும் சிதறுகின்றன. எலும்பு, சிறுநீரகம், நிணநீர்க்கட்டி எனப் பல இடங்களில் போய் ஒட்டுகின்றன. அப்படிச் சில, மூளையின் மேற்பரப்பிலோ அதைப் போர்த்தியிருக்கும் உறையிலோ தங்கி, கடுகளவு முடிச்சாகிவிடும். மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில், அது அப்படியே கிடக்கும். ஒருநாள் அந்த முடிச்சு உடைந்து, மூளையைச் சுற்றியுள்ள நீருக்குள் கிருமியைக் கொட்டும்போதுதான் நோய் தொடங்குகிறது. 1933ல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் ஆர்னால்ட் ரிச், ஹோவர்ட் மெக்கார்டக் என்ற இருவர், இந்த நோயில் இறந்தவர்களின் மூளையை மெல்லிய துண்டுகளாக வெட்டி ஆராய்ந்து இதைக் காட்டினார்கள். அதுவரை ரத்தத்திலிருந்து கிருமி நேராக உறைக்குப் பாய்கிறது என்றே நினைத்திருந்தார்கள்.

ஆகவே, இருமலே இல்லையே என்று நீங்கள் குழம்ப வேண்டாம். மூளை டிபி வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மார்பு எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியாது. எப்போது, யாரிடமிருந்து தொற்றியது என்று தேடிப் பிடிப்பதும் பெரும்பாலும் முடியாத காரியம். தம்பி எதையோ தவறாகச் செய்ததால் வந்தது என்ற எண்ணம் வீட்டில் யாருக்காவது இருந்தால் அதை இன்றே விட்டுவிடுங்கள்.

மொத்த டிபி நோயாளிகளில் நூற்றுக்கு ஒருவருக்குத்தான் இது மூளையைத் தொடுகிறது. எண்ணிக்கையில் சிறியது. ஆனால் டிபியின் எல்லா வடிவங்களிலும் இதுதான் மிகக் கொடியது.

சரி, உடைந்த பிறகு என்ன நடக்கிறது? அந்த நீரில் விழுந்த கிருமிகள் எண்ணிக்கையில் குறைவுதான். சேதத்தின் பெரும்பகுதி, கிருமியை எதிர்த்து நம் உடல் காட்டும் வீக்கத்தால் வருகிறது. மூளையின் அடிப்பகுதியில் பிசின் போல ஒரு கெட்டியான கசிவு படிகிறது. அந்த அடிப்பகுதி மிக நெரிசலான இடம். கண்ணை அசைக்கும் நரம்புகள், பார்வை நரம்பு, மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்கள், மூளை நீர் வெளியேறும் வழி எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. பிசின் அவை எல்லாவற்றின் மேலும் படிகிறது.

கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாவது நரம்பு இதில் எளிதில் மாட்டிக்கொள்ளும். தலைக்குள் அழுத்தம் கூடினாலும் முதலில் தளர்வது பெரும்பாலும் அதுதான். உங்கள் தம்பி இரண்டிரண்டாகத் தெரிகிறது என்று சொன்னதற்கு அதுவே காரணமாக இருக்கும். அந்த ஒரு வார்த்தையை அவர் சொன்னதும், நீங்கள் அதைக் கண் டாக்டரிடம் கொண்டுபோகாமல் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனதும் பெரிய விஷயம்.

அப்புறம் நீர். மூளைக்குள் ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லி நீர் சுரக்கிறது. எந்த நேரத்திலும் உள்ளே இருப்பது 150 மில்லி அளவுதான். அதாவது நாளுக்கு மூன்று முறைக்கு மேல் அது புதிதாகச் சுரந்து, சுற்றி வந்து, உறிஞ்சப்பட்டு வெளியேற வேண்டும். வழியைப் பிசின் அடைத்துவிட்டால் சுரப்பு நிற்காது, வெளியேறுவதுதான் நிற்கும். உள்ளே இருக்கும் நீர் அறைகள் பலூன் போல விரியும். தலைவலி, வாந்தி, தூக்கக் கலக்கம் எல்லாம் ஏறுவது இதனால்தான். மருந்தில் அடங்காவிட்டால், மூளை நீரைத் தோலுக்கடியில் ஒரு மெல்லிய குழாய் வழியாக வயிற்றுக்குள் இறக்கிவிடும் ஷன்ட் அறுவை சிகிச்சை செய்வார்கள். மூளையில் ஆபரேஷனா என்று பயந்து அதைத் தள்ளிப்போடுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனது கனக்கும். சரியான நேரத்தில் வைத்த ஷன்ட், மயக்கத்தில் கிடந்தவரை எழுப்பி உட்கார வைத்ததைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, ரத்தக் குழாய்கள். எல்லாவற்றிலும் இதைக் கண்டுதான் நாங்கள் அதிகம் அஞ்சுகிறோம். பிசினுக்குள் மாட்டிய குழாய்களின் சுவர் வீங்கி, உள்வழி சுருங்கி, அடைத்துக்கொள்ளும். குறிப்பாக, மூளையின் ஆழத்துக்குப் போகும் முடி போன்ற சின்னக் குழாய்கள். கை கால் அசைவுக்கான நரம்பிழைகள் எல்லாம் அந்த ஆழத்தில்தான் ஒரு கட்டாக இறங்குகின்றன. அங்கே ரத்தம் நின்றால் பக்கவாதம். சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இல்லாத இருபது வயதுப் பிள்ளைக்கு ஒரு கை ஒரு கால் விழுந்துபோவது இப்படித்தான். நீர் அடைப்பைச் சரிசெய்யலாம், கிருமியைக் கொல்லலாம். செத்துப்போன மூளைத் திசுவைத் திரும்பக் கொண்டுவர முடியாது. நாங்கள் அவசரப்படுவது இதற்காகத்தான்.

அதனால்தான் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 1948ல் வகுத்த மூன்று நிலைகளை இன்றும் எல்லா நரம்பியல் வார்டிலும் பயன்படுத்துகிறோம். நல்ல நினைவோடு, எந்த நரம்புக் குறையும் இல்லாமல் வந்தால் முதல் நிலை. லேசான குழப்பமோ, நினைவு நன்றாக இருந்தும் ஏதாவது ஒரு நரம்பு தளர்ந்திருப்பதோ இரண்டாம் நிலை. ஆழ்ந்த மயக்கம் மூன்றாம் நிலை. முதல் நிலையில் மருந்து தொடங்கியவர்களில் பெரும்பாலானோர் நல்லபடியாக வீடு திரும்புகிறார்கள். மூன்றாம் நிலையில் தொடங்கினால் பாதிக்கு மேற்பட்டோரை இழக்க நேரிடும், பிழைத்தவர்களிலும் பலர் குறையோடுதான் வாழ்வார்கள். இரண்டு பேருக்கும் மருந்து ஒன்றுதான். தொடங்கிய நாள்தான் வேறு. நீங்கள் சொன்னதைப் பார்த்தால் தம்பி இரண்டாம் நிலையில் வந்திருக்கிறார்.

அந்த முதல் மூன்று வாரத்தில் ஏன் யாருக்கும் தெரியவில்லை என்று நீங்கள் உங்களையே குறைசொல்லிக்கொள்ள வேண்டாம். இந்த நோய் தொடங்கும்போது முகமே காட்டாது. மாலையில் லேசான காய்ச்சல், பசியின்மை, சோர்வு, எரிச்சல், மந்தமான தலைவலி. பாக்டீரியாவால் வரும் சாதாரண மூளைக்காய்ச்சல் ஓரிரு நாளில் ஆளைச் சாய்த்துவிடும், கழுத்து விறைத்துவிடும். இது வாரக்கணக்கில் ஊர்ந்து வரும், கழுத்து விறைப்பு கடைசியில்தான் வரும். வைரஸ் என்றால் ஒன்றிரண்டு வாரத்தில் பெரும்பாலும் தானாகத் தணியும். ஆகவே இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன். காய்ச்சலோடு கூடிய தலைவலி ஐந்து நாளைத் தாண்டி, குறையாமல் நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போனால், அதிலும் வாந்தியும் சேர்ந்தால், மூளைக்காய்ச்சலாக இருக்குமா டாக்டர் என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். ஆளின் போக்கு மாறினால், தூங்கி வழிந்தால், பொருந்தாமல் பேசினால் ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நீடித்த காய்ச்சலுக்குக் காரணம் தெரியாமல் கொடுக்கப்படும் சில ஆன்டிபயாடிக்குகள், குறிப்பாக லெவோஃப்ளாக்சசின் வகை, டிபி கிருமியையும் கொஞ்சம் அடக்கும். காய்ச்சல் இறங்கும், எல்லோரும் நிம்மதியடைவார்கள், உள்ளே நோய் தொடரும். கிருமிப் பரிசோதனையும் அதனால் பொய்த்துப்போகலாம். தம்பிக்கு முதல் மூன்று வாரத்தில் கொடுத்த எல்லா மாத்திரைச் சீட்டுகளையும் இப்போதைய மருத்துவரிடம் காட்டுங்கள்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். கிருமி கிடைக்காமல் மருந்து கொடுக்கலாமா?

முதுகில் எடுத்த நீரில் கிருமி மிகக் குறைவாகவே இருக்கும் என்று சொன்னேன் அல்லவா? அந்த நீரை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தால், நோய் உறுதியாக இருப்பவர்களிலேயே பத்தில் ஒன்றிரண்டு பேருக்குத்தான் பல ஆய்வகங்களில் கிருமி கண்ணில் படுகிறது. கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனை இன்னும் நம்பகமானது. ஆனால் இந்தக் கிருமி ஒன்று இரண்டாகப் பெருகுவதற்கே ஏறக்குறைய 20 மணி நேரம் எடுக்கும், அதனால் வளர்ப்பு முடிவு வர 2 முதல் 6 வாரம் ஆகும். அந்த 6 வாரத்தில் சிகிச்சை இல்லாத நோயாளி உயிரோடு இருக்க மாட்டார். ஜீன் எக்ஸ்பர்ட் அல்ட்ரா என்ற மரபணுச் சோதனை இரண்டு மணி நேரத்துக்குள் முடிவு தரும், உலக சுகாதார நிறுவனமும் மூளைக்காய்ச்சல் சந்தேகத்தில் அதைத்தான் முதல் சோதனையாகச் சொல்கிறது. அதில் டிபி இருக்கிறது என்று வந்தால் நம்பலாம். இல்லை என்று வந்தால், அதை வைத்து நோய் இல்லை என்று முடிவு செய்யக் கூடாது. உங்கள் கையில் இருக்கும் காகிதம் சொல்வது, எடுத்த நீரில் கிருமி சிக்கவில்லை என்பதை மட்டும்தான்.

அப்படியானால் எதை வைத்துத் தொடங்கினார்கள்? பல தடயங்களைச் சேர்த்து வைத்துத்தான். நீரில் லிம்போசைட் வகை வெள்ளை அணுக்கள் கூடியிருக்கும், புரதம் ஏறியிருக்கும், சர்க்கரை அதே நேரத்து ரத்தச் சர்க்கரையில் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும். சில நேரம் அந்த நீரைக் குழாயில் வைத்துவிட்டால் சிலந்தி வலை போல மெல்லிய படலம் கட்டும். எம்ஆர்ஐயில் மூளையின் அடிப்பகுதி உறை பளிச்சென்று தெரியும், நீர் அறைகள் விரிந்திருக்கும், சின்னச் சின்ன டிபி கட்டிகளோ ரத்தம் நின்ற இடங்களோ இருக்கும். இவற்றோடு ஐந்து நாளுக்கு மேல் நீடித்த அறிகுறிகள். 2010ல் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து இந்தத் தடயங்களுக்கு மதிப்பெண் கொடுத்து, உறுதி, பெரும்பாலும், இருக்கலாம் என்று மூன்றாகப் பிரிக்கும் முறை ஒன்றை வகுத்தார்கள். கிருமி கிடைத்தவர்கள் உறுதி என்ற பிரிவில் வருவார்கள். சிகிச்சை மற்ற இரண்டு பிரிவினருக்கும் உண்டு. தவறாகத் தொடங்கிய டிபி மருந்தை இரண்டு வாரம் கழித்து நிறுத்தலாம். இரண்டு வாரம் தாமதமாகத் தொடங்கியதை எதை வைத்தும் ஈடுகட்ட முடியாது.

முதுகில் ஊசி போடுவது பற்றியும் ஒரு வார்த்தை. முதுகில் நீர் எடுத்தால் கால் விழுந்துவிடும் என்ற பயம் மிகப் பரவலாக இருக்கிறது. தண்டுவடம் இடுப்பின் மேல்பகுதியிலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்குக் கீழே, நீரில் மிதக்கும் நரம்பிழைகள் மட்டும் இருக்கும் இடத்தில் போடப்படுகிறது. ஊசி பட்டால் அவை விலகிக்கொள்ளும். ஜெர்மன் மருத்துவர் ஹைன்ரிச் குவின்கே 1891ல் இந்த முறையை வெளியிட்டதிலிருந்து மருத்துவர்கள் இதைச் செய்து வருகிறார்கள். சிலருக்கு ஓரிரு நாள் தலைவலி இருக்கும், அவ்வளவுதான். ஸ்கேனில் பெரிய கட்டியோ ஆபத்தான அழுத்தமோ தெரிந்தால் மருத்துவர்களே அதைச் செய்ய மாட்டார்கள். இன்னொரு முறை நீர் எடுக்க வேண்டும் என்று கேட்டால் தயவுசெய்து மறுக்காதீர்கள். நீர் கொஞ்சம் அதிகமாக, முடிந்தால் 6 மில்லிக்குக் குறையாமல் எடுத்தால் கிருமி சிக்கும் வாய்ப்பு கூடுகிறது. கிருமி சிக்கினால்தான் எந்த மருந்துக்கு அது கட்டுப்படும், எதற்குக் கட்டுப்படாது என்றும் தெரியும்.

மருந்தைப் பற்றி. முதல் இரண்டு மாதம் ஐசோநியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்புடால் என நான்கு. அதற்குப் பிறகு ஐசோநியாசிடும் ரிஃபாம்பிசினும் பத்து மாதம். மொத்தம் 12 மாதம். நுரையீரல் டிபிக்கு 6 மாதம் போதும் என்றிருக்க இங்கே ஏன் இரட்டிப்பு? ரத்தத்திலிருந்து மூளைக்குள் எல்லாப் பொருளும் நுழைய முடியாதபடி ஒரு தடுப்பு இருக்கிறது. ஐசோநியாசிடும் பைரசினமைடும் அதை நன்றாகத் தாண்டுகின்றன. மிக வலுவான மருந்தான ரிஃபாம்பிசின் கொஞ்சமாகத்தான் உள்ளே போகிறது. எத்தாம்புடால் இன்னும் மோசம். குழந்தைகளுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் 6 மாதத் தீவிரச் சிகிச்சை ஒன்றை 2022ல் உலக சுகாதார நிறுவனம் மாற்று வழியாகச் சேர்த்திருக்கிறது. தம்பியின் வயதுக்கு 12 மாதம்தான்.

ஸ்டீராய்டு கேள்வி நியாயமானது. தொற்று இருக்கும்போது எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்தா என்று யாருக்கும் தோன்றும். மேலே சொன்ன பிசினை நினைத்துப் பாருங்கள். சேதம் செய்வது நம் உடலின் வீக்கம் என்பதால், கிருமியைக் கொல்லும் மருந்தோடு சேர்த்து வீக்கத்தை அடக்கும் மருந்தும் வேண்டியிருக்கிறது. 2004ல் வியட்நாமில் 545 பேரிடம் நடந்த ஆய்வில், டெக்சாமெதசோன் என்ற ஸ்டீராய்டு கொடுக்கப்பட்டவர்களில் ஒன்பது மாதத்துக்குள் இறந்தவர்கள் 32 சதவீதம், கொடுக்கப்படாதவர்களில் 41 சதவீதம். உடல் குறை ஏற்படுவதை அது குறைக்கவில்லை, உயிரைக் காத்தது. எச்ஐவி உள்ளவர்களுக்கு இதே பலன் 2023ல் வெளியான ஆய்வில் தெரியவில்லை. எச்ஐவி பரிசோதனை எல்லோருக்கும் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம், யாரையும் சந்தேகப்பட்டு அல்ல. எச்ஐவி இருந்தால் அதற்கான மருந்தைக்கூட உடனே தொடங்காமல் சில வாரம் தள்ளித்தான் தொடங்குவார்கள். ஸ்டீராய்டு 6 முதல் 8 வாரத்தில் படிப்படியாகக் குறைக்கப்படும். முகம் உப்புகிறது என்று வீட்டில் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

மருத்துவமனையில் இருக்கும்போதே ஒருநாள் தம்பி திடீரென்று கூடுதல் குழப்பமாகத் தெரியலாம். நோய் முற்றிவிட்டது என்று பதறுவதற்கு முன் ரத்தத்தில் சோடியம் எவ்வளவு என்று கேளுங்கள். இந்த நோயில் உப்புச் சத்து இறங்குவது மிகச் சாதாரணம், சரிசெய்தால் தெளிவு திரும்பும்.

இனி நான் சொல்லப்போவது, இரண்டாவது மூன்றாவது மாதத்தில் உங்களுக்கு வேண்டியிருக்கும்.

ஆள் தேறி வருவார், காய்ச்சல் போயிருக்கும், நடக்கத் தொடங்கியிருப்பார். அப்போது திடீரென்று தலைவலி, மறுபடி காய்ச்சல், அல்லது வலிப்பு. ஸ்கேன் எடுத்தால், முன்பு இருந்த கட்டி பெரிதாகியிருக்கும், அல்லது முன்பு இல்லாத இடத்தில் புதிய கட்டி. மருந்து வேலை செய்யவில்லை, மாற்று வைத்தியம் பார்க்கலாம் என்று வீட்டில் பேச்சு கிளம்பும் நேரம் இது. பெரும்பாலும் நடப்பது என்னவென்றால், மருந்தால் செத்த கிருமிகளின் சிதைவுக்கும், மருந்தால் மீண்டெழுந்த எதிர்ப்புச் சக்திக்கும் இடையே வரும் வீக்கம். முரண் எதிர்வினை என்று சொல்வோம். ஸ்டீராய்டைக் குறைக்கும் காலத்தில் இது அடிக்கடி தலைகாட்டும். டிபி மருந்தைத் தொடர்ந்துகொண்டே ஸ்டீராய்டை மறுபடி கூட்டினால் அடங்கும். மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியா என்றும் மருத்துவர் அந்த நேரத்தில் யோசிப்பார், யோசிக்க வேண்டும். ஆனால் இந்தக் கட்டத்தில் மருந்தை நிறுத்துவதுதான் நடக்கக்கூடியதிலேயே மிக மோசமானது. நன்றாகத் தேறி வந்த பிள்ளைகளை இப்படித் திரும்ப மயக்கத்தில் தூக்கி வந்ததை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கட்டிகள் முழுதாகக் கரைய மாதங்கள் ஆகும். சில, சுண்ணாம்புப் புள்ளியாகிக் கடைசிவரை ஸ்கேனில் தெரியும். அது தழும்பு.

உறை அழற்சி இல்லாமல் கட்டி மட்டும் இருப்பவர்களும் உண்டு. ஒரு வலிப்பு வந்து ஸ்கேன் எடுத்தால் வளையம் போன்ற கட்டி தெரியும். நாடாப்புழு முட்டையால் வரும் கட்டியும், புற்றுக்கட்டியும், சீழ்க்கட்டியும் கிட்டத்தட்ட அதே போல இருக்கும் என்பதால் அங்கே நிதானம் வேண்டும். ஆள் தெளிவாக இருந்தால் சில வாரம் பொறுத்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பதில் தவறில்லை. அதே நோய் தண்டுவடத்தைச் சுற்றிப் படிந்தால் கால்கள் தளரும், சிறுநீர் கழிக்க முடியாமல் அடைத்துக்கொள்ளும். தம்பிக்கு அப்படி ஏதாவது தெரிந்தால் அன்றைக்கே சொல்ல வேண்டும்.

மருந்தோடு வாழும்போது தெரிந்துகொள்ள வேண்டியவை கொஞ்சம் உண்டு. ரிஃபாம்பிசினால் சிறுநீர் முதல் நாளிலிருந்தே செம்மஞ்சளாகப் போகும், அது கெடுதல் இல்லை. ஆனால் வாந்தி, சாப்பாட்டைக் கண்டாலே வெறுப்பு, கண் வெள்ளை மஞ்சளாவது ஆகியவை கல்லீரலின் எச்சரிக்கை, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எத்தாம்புடால் பார்வை நரம்பைத் தொடலாம். சிவப்பும் பச்சையும் மங்கினால் சொல்ல வேண்டும். நோயின் பிசினும் அதே பார்வை நரம்பைச் சுற்றிப் படியும் என்பதால், பார்வை மங்குகிறது என்ற வார்த்தையை யாரும் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐசோநியாசிடால் கை கால் மரத்துப்போகாமல் இருக்க பைரிடாக்சின் என்ற பி6 வைட்டமின் மாத்திரை சேர்த்துக் கொடுப்பார்கள். வலிப்பு மாத்திரை, கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரை எல்லாவற்றின் அளவையும் இந்த மருந்துகள் குலைக்கும். எந்தப் புதிய மருத்துவரிடம் போனாலும் டிபி மருந்து ஓடுகிறது என்று முதல் வரியாகச் சொல்லுங்கள்.

வீட்டில் ஒட்டுமா? மூளையில் இருக்கும் டிபி யாருக்கும் ஒட்டாது. தம்பியின் கையைப் பிடிக்கலாம், பக்கத்தில் படுக்கலாம், ஒரே தட்டில் சாப்பிடலாம். நுரையீரலிலும் நோய் இருந்தால்தான் இருமல் வழியாகப் பரவும், அதனால் மார்பு எக்ஸ்ரேயும் சளி இருந்தால் சளிப் பரிசோதனையும் பார்த்துவிடுங்கள். ஆனால் கேள்வியைத் திருப்பியும் கேட்க வேண்டும். அவருக்குக் கொடுத்த யாராவது இன்னும் வீட்டிலோ வேலையிடத்திலோ இருமிக்கொண்டிருக்கலாம். வீட்டில் எல்லோரும், முக்கியமாக ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தைகள், பரிசோதித்துக்கொள்ள வேண்டும். நோய் இல்லாத சிறு குழந்தைக்குக்கூடத் தடுப்பு மருந்து கொடுக்கச் சொல்வார்கள். ஏனென்றால் இந்த நோய் அதிகம் தாக்குவது சிறு குழந்தைகளைத்தான். அவர்களுக்குத் தலைவலி என்று சொல்லத் தெரியாது. விளையாட்டில் ஆர்வம் போகும், எடை ஏறாது, காரணமில்லாமல் வாந்தி எடுக்கும், சுருண்டு படுக்கும். பிள்ளை பழையபடி இல்லை என்று தாய் சொல்வதைவிடப் பெரிய அறிகுறி எதுவும் அந்தக் கட்டத்தில் கிடையாது.

பிசிஜி போட்டிருந்தோமே என்று பல பெற்றோர் கேட்பார்கள். 1921ல் பாரிஸில் முதன்முதலாகக் கொடுக்கப்பட்ட அந்தத் தடுப்பு மருந்து, பெரியவர்களின் நுரையீரல் டிபியைத் தடுப்பதில் பெரிதாகச் சாதிக்கவில்லை. சிறு குழந்தைகளின் மூளை டிபியை ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு தடுக்கிறது. பிறந்ததும் அதைப் போடுவதன் முக்கியப் பலனே இதுதான். வயது ஏற ஏற அந்தக் காவல் தேய்ந்துவிடும். அதனால் தம்பிக்குக் குழந்தையில் போட்ட ஊசி இப்போது காப்பாற்றியிருக்க முடியாது.

கடைசிக் கேள்வி, தம்பி பழையபடி ஆவாரா. 1940களின் நடுவில் ஸ்ட்ரெப்டோமைசின் வரும்வரை இந்த நோய் வந்தவர்கள் ஏறக்குறைய எல்லோருமே சில வாரங்களில் இறந்துபோனார்கள். 1952ல் ஐசோநியாசிட் வந்த பிறகுதான் பிழைப்பது சாதாரண விஷயமானது. இன்றும் சிகிச்சை எடுக்கும் பெரியவர்களில், எச்ஐவி இல்லாதவர்களிலேயே நான்கில் ஒருவரைப் போல இழக்கிறோம் என்பதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. ஆனால் தம்பி இளைஞர், இன்னும் பேசுகிறார், மருந்து தொடங்கிவிட்டது, கை கால் விழவில்லை. இவை எல்லாமே அவர் பக்கம் நிற்கின்றன. கண் இரண்டாகத் தெரிவது பெரும்பாலும் சில மாதங்களில் சரியாகும். ஞாபக மறதி, எளிதில் கோபம், சோர்வு ஆகியவை அதைவிட மெதுவாகத்தான் விலகும். பேச்சு தெளிந்துவிட்டதால் முழுதாகத் தேறிவிட்டார் என்று நினைத்து, படிப்பையோ வேலையையோ உடனே அவர் தலையில் ஏற்றிவிடாதீர்கள். நடைப்பயிற்சி, பிசியோதெரபி, தேவைப்பட்டால் மனநல ஆலோசனை, இவற்றையும் மாத்திரையைப் போலவே எண்ணிக்கொள்ளுங்கள்.

நாளைக் காலை மருத்துவர் சுற்றி வரும்போது மூன்றைக் கேட்டு எழுதி வையுங்கள். இன்றைய சோடியம் எவ்வளவு. எம்ஆர்ஐயில் நீர் அறைகள் விரிந்திருக்கின்றனவா, விரிந்திருந்தால் அடுத்த ஸ்கேன் எப்போது. எடுத்த நீரை வளர்ப்புச் சோதனைக்கும், மருந்துக்குக் கட்டுப்படுகிறதா என்று பார்க்கும் சோதனைக்கும் அனுப்பியிருக்கிறார்களா. மூன்றாவதற்கு இல்லை என்று பதில் வந்தால், இன்னொரு முறை நீர் எடுத்து அனுப்ப முடியுமா என்று நீங்களே கேளுங்கள்.